பிள்ளைகளின் துன்பமும் பெற்றோரின் கண்ணீரும்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடும்ப நாள் கூட்டம் என்றால் குடும்ப செபத்தைப் பற்றியும், சிக்கனத்தைப் பற்றியும், குடியின் கேட்டைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவையெல்லாம் பேச வேண்டியவைதாம். ஆனால் இன்று நான் வேறொரு துன்பத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலும், விடுதியிலும், பேருந்திலும், விளையாட்டுத் திடலிலும் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு நாள்தோறும் சீண்டிக் கொடுமை செய்கிறார்களே, அந்தத் துன்பத்தைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் இதனைப் 'புல்லியிங்' என்கிறார்கள். கல்லூரியில் நடந்தால் 'ராகிங்' என்கிறோம். பள்ளியில் நடந்தால் "சின்னப் பிள்ளைகள் விளையாட்டு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

விளையாட்டுக்கும் கொடுமைக்கும் வேறுபாடு என்ன? நண்பர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வது உலக இயல்பு. இன்று இவன் அவனைக் கிண்டல் செய்வான். நாளை அவன் இவனைக் கிண்டல் செய்வான். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அதில் குற்றமில்லை. இத்துறையில் வாழ்நாள் முழுவதும் ஆராய்ச்சி செய்தவர் டான் ஓல்வேயஸ் என்னும் அறிஞர். சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றியவர். கொடுமைக்கு மூன்று அடையாளங்கள் உண்டு என்று அவர் காட்டினார். வேண்டுமென்றே துன்புறுத்துவது ஒன்று. திரும்பத் திரும்பச் செய்வது இரண்டு. துன்புறுகிறவன் எதிர்த்து நிற்க வலிமையற்றவனாக இருப்பது மூன்று. ஒருவன் மட்டும் சிரிக்கிறான், மற்றவன் அழுகிறான் என்றால் அது விளையாட்டன்று.

அடித்தால்தான் கொடுமை என்பதில்லை. நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைப்பது, திக்குவாயைப் பேசிக் காட்டுவது, தகப்பன் செய்யும் தொழிலைச் சொல்லி அழைப்பது, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தட்டி விடுவது, கடைக்குப் போய்வரச் சொல்லி ஏவுவது, யாரும் அவனோடு பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைப்பது, இவையெல்லாம் கொடுமைதான். பெண் பிள்ளைகளிடையே அடிதடி குறைவு. ஆனால் ஒருத்தியை ஒதுக்கி வைப்பதும், அவளைப் பற்றி இல்லாததைப் பரப்புவதும் அடியைவிட ஆழமாக இறங்கும். முன்பெல்லாம் மாலை மணி அடித்துவிட்டால் பிள்ளைக்கு விடுதலை கிடைத்தது. வீடு புகலிடமாக இருந்தது. இன்று கைப்பேசி வழியாகக் கொடுமை வீட்டுக்குள்ளேயே வருகிறது. வாட்ஸ்அப் குழுவிலே ஒரு படத்தைப் போட்டுப் பத்துப் பேர் சிரித்தால், அந்தப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கும் அதைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறது. அடுத்த அறையில் நாம் உறங்கிக்கொண்டிருக்கிறோம்.

இது எங்கோ ஒன்றிரண்டு இடங்களில் நடப்பது என்று எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய நாடுகளின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, கேள்வி கேட்கப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், முந்திய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களால் ஒரு முறையேனும் கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். மறைக்கல்வி வகுப்பில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, விவிலியம் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. தொடக்க நூலில் பதினேழு வயது இளைஞன் ஒருவனை நாம் சந்திக்கிறோம். அவன் யோசேப்பு. அவனுடைய அண்ணன்மாரால் அவனோடு இதமாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கனவு காண்கிறவன் என்று ஏளனப் பெயர் வைத்தார்கள். தனியாக வந்தபோது பிடித்து, தகப்பன் ஆசையோடு கொடுத்த அங்கியை உரிந்து, தண்ணீரில்லாத குழியில் தள்ளினார்கள். பிறகு என்ன செய்தார்கள்? உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழிக்குள்ளிருந்து தம்பி கெஞ்சுகிறான். மேலே விருந்து நடக்கிறது. ஒரு பிள்ளை வகுப்பறையின் மூலையில் குறுகி நிற்க, மற்றவர்கள் சிரித்துக்கொண்டு போகும் காட்சியும் இதுதான்.

இக்கொடுமை முதலாவதாக அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

காலையில் வயிற்றுவலி என்பான். மருத்துவரிடம் போனால் ஒன்றுமில்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த வலி வராது; திங்கட்கிழமை வந்துவிடும். நன்றாகப் படித்தவன் மதிப்பெண் குறைந்து வருவான். புத்தகம் கிழிந்திருக்கும், கேட்டால் தானே கிழித்ததாகச் சொல்வான். சாப்பாட்டில் நாட்டமிருக்காது. பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஊமையாகிவிடும். பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள வயது, "நான் யார், எனக்கு என்ன மதிப்பு" என்று தேடுகிற வயது. அந்த வயதில் நாள்தோறும் "நீ எதற்கும் உதவாதவன்" என்று சுற்றிலுமுள்ளவர்கள் சொன்னால், பிள்ளை அதை நம்பிவிடுகிறது. இதுதான் பெருங்கேடு. பிறர் சொன்ன இழிசொல் தன் சொல்லாகிவிடுகிறது.

"காலம் போனால் மறந்துவிடும்" என்போம். மறப்பதில்லை என்று ஆராய்ச்சி சொல்கிறது. பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை அறிஞர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் ஐம்பது வயதை அடைந்தபோது, மற்றவர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் மிகுந்தவர்களாக, உடல்நலம் குன்றியவர்களாக இருந்ததைக் கண்டார்கள். அந்த ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பட்ட காயம் பேரப்பிள்ளை எடுக்கும் வயதிலும் வலிக்கிறது என்பது இதன் பொருள்.

சிலர் ஐம்பது வயது வரை போவதில்லை. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் நார்வே நாட்டில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவர்களின் கொடுமையே அதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. நாடே திடுக்கிட்டு எழுந்து, 1983-இல் எல்லாப் பள்ளிகளிலும் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கியது. மூன்று பிள்ளைகளுக்காக ஒரு நாடு விழித்துக்கொண்டது. நாம் விழித்தோமா?

இரண்டாவதாக, இக்கொடுமை குடும்பத்துக்கு என்ன செய்கிறது?

குழியில் தள்ளப்பட்டவன் யோசேப்பு. அழுது தீர்ந்தவர் யாக்கோபு. இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்த அந்தக் கிழவரை யாராலும் தேற்ற முடியவில்லை. மிஞ்சிய இளைய மகன் பென்யமினை வாசலைத் தாண்டி அனுப்பவே அஞ்சினார். ஒரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை வீடு முழுவதையும் பயத்தில் ஆழ்த்திவிட்டது.

நம் வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். தாய், "என்னவோ இருக்கிறது, போய் விசாரியுங்கள்" என்கிறாள். தகப்பன், "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்தாய், ஆம்பிளைப் பிள்ளை திருப்பி இரண்டு கொடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார். கணவன் மனைவிக்குள் சண்டை மூள்கிறது. திருப்பி அடிக்க முடியாத பிள்ளை, அங்கே அடியும் இங்கே ஏச்சுமாக இரண்டு பக்கமும் நசுங்குகிறது. வெளியில் காட்ட முடியாத கோபத்தைத் தங்கையிடம் காட்டுகிறது. பள்ளியை மாற்றக் கடன் வாங்குகிறவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு நாள் சம்பளத்தை இழந்து பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கிறாள். "பிள்ளைகள் என்றால் அப்படித்தான் அம்மா" என்ற பதிலோடு திரும்புகிறாள். உறவினர் மத்தியில் அவமானம் என்று அதை யாரிடமும் சொல்வதுமில்லை.

நம் தென்பாண்டிச் சீமையில் நடந்த ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைக் கண்ட அதிர்ச்சியில் உறவினரான முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மாணவன் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். சாதியைச் சொல்லிச் சீண்டியதும் ஏவியதும் தாங்காமல் சில நாட்கள் பள்ளிக்கே போகாமலிருந்தவன். காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குக் கிடைத்த பரிசு அரிவாள் வெட்டு. அரிவாள் திடீரென்று வரவில்லை. கேலியும் ஏவலும் முன்னே நடக்க, அரிவாள் பின்னே வந்தது. கையில் காயத்தோடு மருத்துவமனையில் கிடந்த அந்தப் பிள்ளை, 2024-ஆம் ஆண்டு பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்துத் தேறினான். அவன் மன உறுதியை வாழ்த்துகிறோம். ஆனால் அவ்வளவு உறுதி எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்க்கும் என்று நம்பி நாம் சும்மா இருந்துவிடக் கூடாது.

மூன்றாவதாக, கொடுமை செய்கிற பிள்ளையின் கதி என்ன? அவனும் ஒரு தாயின் பிள்ளைதான். நாங்குநேரியில் வெட்டிய கைகள் பதினெட்டு வயது நிரம்பாத கைகள். அவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குச் சென்றார்கள். அவர்கள் வீடுகளிலும் அடுப்பு அணைந்துதான் போயிருக்கும். வலியவனாக இருந்தால் எதையும் செய்யலாம் என்று பள்ளியில் பழகிய பிள்ளை, நாளைக்கு மனைவியிடமும் அதையே செய்வான். மனச்சாட்சியும் விட்டுவிடுவதில்லை. யோசேப்பின் அண்ணன்மார் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எகிப்தில் துன்பத்தில் சிக்கியபோது, அவர்கள் நாவில் முதலில் வந்த நினைவு தம்பி அன்று கெஞ்சிய கெஞ்சல்தான். அத்தனை காலமும் அந்தக் குரல் அவர்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

பிள்ளை இதனை எங்கே கற்றுக்கொள்கிறது? வேதனையோடு சொல்கிறேன்: பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில். அப்பா மற்றொரு குடும்பத்தை எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறாரோ, அதே சொல்லைத்தான் மகன் வகுப்பறைக்கு எடுத்துச் செல்கிறான். நாம் ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள். ஆயினும் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு என்பதை மறைக்க முடியாது. திருவிழாத் தேரை யார் இழுப்பது, முதல் வரிசையில் யார் நிற்பது என்று பெரியவர்கள் போடும் சண்டையைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். நாங்குநேரிச் சம்பவத்தை அடுத்து அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, சாதியைக் காட்டும் அத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றைச் சட்டம் அறுக்கலாம். மனத்தில் கட்டிய கயிற்றை நாம்தான் அறுக்க வேண்டும்.

இனி, சட்டம் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். 1996-இல் தமிழகத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொலையுண்டார். அதையடுத்து 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டு ஆண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சட்டம் வரும்போது காயம் முன்பே பட்டுவிடுகிறது. சட்டத்துக்கு முன்னால் வர வேண்டியவர் அருகில் நிற்கிறவர்.

இங்கேதான் இளைஞர்களே, உங்களிடம் பேச விரும்புகிறேன். கனடா நாட்டின் டொராண்டோ நகரில் ஆராய்ச்சியாளர்கள் பள்ளி மைதானங்களைப் படமெடுத்துக் கூர்ந்து பார்த்தார்கள். கொடுமை நடக்கும்போது பெரும்பாலும் மற்ற மாணவர்கள் சுற்றி நின்றார்கள். தடுக்க முன்வந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால் யாராவது ஒரு மாணவன் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே வினாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. பத்து வினாடி! ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம்கூட இல்லை. "விடுடா, போதும்" என்று ஒருவன் சொல்லும் சொல்லுக்கு அத்தனை வலிமை இருக்கிறது. ஏனென்றால், கொடுமை செய்கிறவன் பார்க்கிறவர்களின் சிரிப்பை நம்பித்தான் செய்கிறான். சிரிப்பை நிறுத்துங்கள், அவன் ஆட்டம் தானாக நின்றுவிடும்.

ரூபனை நினைத்துக்கொள்ளுங்கள். யோசேப்பின் மூத்த அண்ணன் அவன். நல்ல மனம் படைத்தவன். கொல்ல வேண்டாம் என்று தடுத்தான். பிறகு வந்து தம்பியைத் தூக்கிவிடலாம் என்று எண்ணினான். ஆனால் எல்லார் முன்னிலையிலும் "இது தவறு, இவனை விடுங்கள்" என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. திரும்பி வந்தபோது குழி வெறுமையாயிருந்தது. தம்பி இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டுவிட்டான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற நல்லெண்ணம் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. செய்த பாவத்துக்கு மட்டுமன்று, செய்யாமல் விட்ட பாவத்துக்கும் நாம் திருப்பலியின் தொடக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறோம் அல்லவா? அதன் பொருள் இதுதான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2017-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், மிலான் நகரின் பெரிய விளையாட்டரங்கில், உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளைகளைச் சந்தித்தார். இக்கொடுமையைப் பற்றி அவர்களிடம் பேசினார். சற்று நேரம் மௌனமாக இருந்து, நீங்கள் யாரையாவது ஏளனம் செய்கிறீர்களா என்று உள்ளத்தைச் சோதிக்கச் சொன்னார். இனி ஒருபோதும் செய்வதில்லை, செய்ய விடுவதுமில்லை என்று இயேசுவிடம் வாக்குக் கொடுக்கச் சொன்னார். உறுதிப்பூசுதலில் தூய ஆவி தரும் திடம் வேறு எதற்காக?

பெற்றோரே, உங்களுக்குச் சில வார்த்தைகள்.

பிள்ளை சொல்லும்போது முழுவதும் கேளுங்கள். "நீ என்ன செய்தாய்" என்று குறுக்கு விசாரணை வேண்டாம். "சொன்னது நல்லது, இது உன் குற்றமன்று" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். திருப்பி அடிக்கத் தூண்டாதீர்கள். தாங்கிக்கொள் என்றும் தள்ளிவிடாதீர்கள். என்று, எங்கே, யார், என்ன என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். கைப்பேசியில் வந்ததை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த பிறகு பிள்ளைக்குப் பாதுகாப்பு என்ன என்பதையும் கேளுங்கள். புகாருக்குப் பின் வரும் நாட்களே ஆபத்தானவை என்பதை நாங்குநேரி நமக்குக் காட்டிவிட்டது. ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது. மனம் உடைந்து போனவர்களுக்கு 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி கிடைக்கும். வாழ விருப்பமில்லை என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் அதைப் பேச்சு என்று தள்ளாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் பிள்ளைதான் மற்றொரு பிள்ளையைக் கொடுமை செய்கிறான் என்று யாராவது வந்து சொன்னால், சொன்னவர்மீது பாயாதீர்கள். அது கேட்கக் கசக்கும். ஆனால் அந்தக் கசப்பு மருந்தை இன்று விழுங்குகிற தகப்பன், நாளைக்குக் காவல் நிலைய வாசலில் நிற்க வேண்டியதில்லை. பிள்ளையை அடித்து நொறுக்குவதும் மருந்தன்று. அடிபட்டவன் தன்னைவிட இளையவனைத் தேடிப் போவான். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மகனை அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்க வையுங்கள்.

1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசியத் துறவியரின் வழியாகப் புனித தொன் போஸ்கோவை நம் மக்கள் நன்கு அறிவார்கள். தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, நடக்காதபடி பிள்ளைகளோடு உடனிருந்து காப்பதே மேல் என்பது அவருடைய கல்விமுறை. பங்கும் அதையே செய்யலாம். மறைக்கல்வி வகுப்பில் ஒதுங்கி உட்காரும் பிள்ளையை ஆசிரியர் கவனிக்கட்டும். அன்பியக் கூட்டத்தில் இதனை வெளிப்படையாகப் பேசுவோம். பிள்ளைகள் அச்சமின்றி வந்து சொல்லத்தக்க ஓர் அண்ணனும் ஓர் அக்காவும் இளைஞர் இயக்கத்திலிருந்து பொறுப்பேற்கட்டும். பீடச் சிறுவரிடையேயும் பாடற்குழுவிலும் பட்டப்பெயர்கள் ஒழியட்டும். ஞானஸ்நானத்தில் திருச்சபை கொடுத்த பெயர் இருக்க, நாம் ஏன் இழிபெயரால் அழைக்க வேண்டும்?

இந்தப் பொன்விழா ஆண்டில் கோயிலுக்கு வண்ணம் பூசினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம். விவிலிய மரபில் ஜூபிலி என்பது அடிமைப்பட்டவர் விடுதலை பெறும் ஆண்டு. நம் மத்தியில் ஒரு பிள்ளை திங்கட்கிழமை காலையை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஜூபிலி வரவில்லை. இன்று இரவு செபமாலை சொல்லி முடித்ததும், உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, "பள்ளிக்கூடத்தில் உன்னை யாராவது அழ வைக்கிறார்களா? நீ யாரையாவது அழ வைக்கிறாயா?" என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருங்கள்.

குழியிலிருந்த யோசேப்பைக் கைவிடாத இறைவன், நம் பிள்ளைகளையும் நம் இல்லங்களையும் காத்து ஆசீர்வதிப்பாராக.